பல வாசலுக்கு ஒரு காவலன்

நாம் ஏவும்போது மட்டும் உழைத்து, ஏவாதபோது வாளாவிருப்பதே கணிப்பொறியின் சுபாவம் என்று பலரும் எண்ணியிருக்கிறோம். ஆனால் விசைப்பலகையை எவரும் தொடாத நள்ளிரவிலும், திரை அணைந்து அறை இருண்டு கிடக்கும் வேளையிலும், அச்சுக்கு ஏதேனும் வருகிறதா என்று ஒன்றும், கடிதம் வருகிறதா என்று மற்றொன்றும், தூரதேசத்துக் கணிப்பொறி ஏதேனும் கூப்பிடுகிறதா என்று வேறொன்றுமாக, கண்ணுக்குப் புலப்படாத சிறு நிரல்கள் பல அதனுள்ளே விழித்துக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு டீமன் என்று பெயர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மேக் திட்டத்தில், ஐபிஎம் 7094 என்ற பெருங்கணிப்பொறியோடு 1963-ஆம் ஆண்டில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்பெயரை வழங்கத் தொடங்கினார்கள் என்று, அவர்களுள் ஒருவரான பெர்னாண்டோ கோர்பட்டோ கூறியிருக்கிறார். பௌதிக சாஸ்திர நிபுணரான மாக்ஸ்வெல், இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சிறு கதவருகில் நின்றுகொண்டு, விரைந்து வரும் மூலக்கூறுகளை ஒரு புறமும் மெதுவாக வருவனவற்றை மறுபுறமும் ஓயாமல் பிரித்து அனுப்பும் குட்டிப் பூதம் ஒன்றைக் கற்பனை செய்தாரல்லவா, அதை நினைத்து இட்ட பெயர் அது. தீங்கு செய்யும் பேய் என்ற அர்த்தம் அதற்கு இல்லை. ஏவிய காரியத்தை முணுமுணுக்காமல் செய்யும் ஏவற்பூதம் என்று நாம் கொள்ளலாம். இக்கட்டுரையில் இனிப் பூதம் என்றே எழுதுகிறேன்.

வலையமைப்பில் வருவோர்க்குச் சேவை செய்யும் பூதங்கள், கணிப்பொறியின் வாசல்களில் நின்று காத்திருக்கின்றன. வாசல் என்று நான் சொல்வதைத் தொழிலறிந்தோர் போர்ட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கோப்புகளை அனுப்பவும் பெறவும் 21, தொலைவிலிருந்து உள்நுழைய 23, கடிதத்துக்கு 25 என்று, பெயர் பெற்ற சேவைகளுக்கெல்லாம் எண்கள் நிலையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுள் 13-ஆம் வாசல் மிக எளிய ஒரு சேவைக்கு உரியது. ஜான் போஸ்டல் 1983-ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதி வெளியிட்ட விதியின்படி, அந்த வாசலை எவர் வந்து தட்டினாலும், அன்றைய தேதியையும் அப்போதைய நேரத்தையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். கேள்வி ஒன்றும் இல்லை. பதில் மட்டுமே உண்டு.

இத்துணை எளிய காரியத்தைச் செய்யும் பூதத்தை எழுதுவது எத்துணை எளிதாயிருக்க வேண்டும்! கடிகாரத்தைப் பார்த்து ஒரு வரியை எழுது என்று இரண்டே வாக்கியங்களில் அது முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பூதம் தன்னந்தனியாக வாழ வேண்டுமானால், அது முதலில் சாக்கெட் என்னும் தொடர்பு முனை ஒன்றை இயங்குதளத்திடம் கேட்டுப் பெற்று, அதை 13-ஆம் வாசலோடு பிணைத்து, வருவோரை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் வெளியே நிற்க நேராதபடி தன்னையே இரண்டாகப் பிளந்து ஒரு குழந்தை நிரலை உண்டாக்கி, அக்குழந்தை தன் காரியம் முடிந்து மாண்டதும் அதன் பெயரை அட்டவணையிலிருந்து நீக்கும் ஈமக்கடனையும் செய்தாக வேண்டும். அது மட்டுமா? 1024-க்குக் கீழ்ப்பட்ட வாசல்களைத் திறக்கும் உரிமை யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மரபில் ரூட் என்னும் சர்வாதிகாரிக்கே உண்டாதலால், பூதம் பிறக்கும்போது அந்த அதிகாரத்தோடு பிறந்து, வாசலைத் திறந்த மறுகணமே அதை மறவாமல் துறக்கவும் வேண்டும். தன்னைத் தொடங்கிய முனையத்தோடு உள்ள பந்தத்தை அறுத்துக்கொள்ள வேண்டும். நேர்ந்த பிழைகளைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நேரத்தைச் சொல்லும் பகுதி நிரலின் ஒரு மூலையில் கிடக்க, காத்திருப்பதற்கான ஏற்பாடுகள் பக்கம் பக்கமாக நீளும். இதில் வருத்தம் என்னவென்றால், அடுத்த வாசலில் நிற்கும் பூதமும் அதே ஏற்பாடுகளை, வேறொருவர் கையால், வேறுவிதப் பிழைகளோடு, மறுபடி தன்னுள்ளே சுமந்துகொண்டிருக்கும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பில் நிலைமை இவ்வாறுதான் இருந்தது. சாக்கெட் என்னும் கருத்தை உலகுக்குப் பரவலாக அளித்த பெருமை அந்தப் பதிப்புக்கு உண்டு. ஆனால் கணிப்பொறி விழித்தெழும்போதே ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு பூதம் எழுப்பப்பட்டு, தன் வாசலில் போய் உட்கார்ந்துவிடும். நாள் முழுவதும் ஒருவரும் வராத வாசலிலும் ஒரு பூதம் உண்டு. இயங்கும் நிரல்களின் அட்டவணையில் அதற்கு ஓர் இடம் உண்டு. நினைவகத்திலோ, இடம் போதாதபோது வட்டிலோ அதற்கு ஒரு மூலை உண்டு. சில மெகாபைட் நினைவகத்தைப் பல மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டு உழைத்த வாக்ஸ் கணிப்பொறிகளின் காலத்தில், சும்மா இருப்பதற்கே இத்தனை செலவு என்பது அற்ப விஷயமாகத் தோன்றியிராது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1986-இல் வெளிவந்த 4.3 பதிப்பில் இதற்கு ஒரு பரிகாரம் வந்தது. ஐநெட்-டி என்று அதற்குப் பெயர். இணையத்தின் மேற்சேவகன் என்பது அதன் பட்டம். எல்லா வாசல்களுக்கும் சேர்த்து ஒரே காவலனை நிறுத்திவிட்டு, மற்றப் பூதங்களை உறங்கவும் விடாமல், இல்லாமலே ஆக்கிவிடுவது என்பதே அந்த யோசனை. காவலன் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு சேவையைப் பற்றியது: சேவையின் பெயர் யாது, தொடர்பு நீரோடைபோல் தொடர்ந்து வருவதா அல்லது தனித்தனிப் பொட்டலங்களாக வருவதா, எந்த நெறிப்படி வருவது, ஒருவர் உள்ளே இருக்கும்போது அடுத்தவரை அழைக்கலாமா கூடாதா, எந்தப் பயனரின் அதிகாரத்தில் நிரலை நடத்துவது, அந்த நிரல் வட்டில் எங்கே இருக்கிறது, அதை என்ன சொல்லி அழைப்பது என்ற ஏழு செய்திகளை அந்த ஒரு வரி அடக்கிக்கொண்டிருக்கும். கோப்பைத் திறந்து பார்க்கும் எவரும் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அந்தப் பட்டியலை, ஒரு நல்ல கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் பார்க்கும் திருப்தியோடு நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காவலன் பட்டியலைப் படித்து, அதிலுள்ள வாசல்களையெல்லாம் தானே திறந்துவைத்துக்கொண்டு, செலக்ட் என்னும் இயங்குதள அழைப்பின் மூலம் அத்தனை வாசல்களையும் ஒரே பார்வையில் கவனித்தபடி உட்கார்ந்துவிடுகிறான். எந்த வாசலிலேனும் ஒருவர் வந்து தட்டினால் அப்போதுதான் அசைவு. வந்தவரை ஏற்றுக்கொண்டு, தன்னிலிருந்து ஒரு பிரதியைப் பிளந்தெடுக்கிறான். மிக அழகான காரியம் ஒன்று இந்த இடத்தில் நிகழ்கிறது. யூனிக்ஸில் பிறக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று துவாரங்கள் பிறவியிலேயே உண்டு: பூஜ்யம் என்று எண்ணிட்டது உள்ளீட்டுக்கு, 1 என்பது வெளியீட்டுக்கு, 2 என்பது பிழைகளைச் சொல்வதற்கு. சாதாரணமாக இவை விசைப்பலகைக்கும் திரைக்கும் செல்லும். காவலனின் பிரதியோ, இம்மூன்று துவாரங்களையும் வந்தவரின் தொடர்போடு இணைத்து, பட்டியலில் சொன்ன பயனரின் அளவுக்குத் தன் அதிகாரத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு தன் உடலையே உரிய நிரலுக்குக் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறது. கூடுவிட்டுக் கூடு பாய்வதைக் கதையில் கேட்ட நமக்கு இது புதிதாயிராது. கூடு அதுவே, உள்ளே புகுந்த உயிர் மட்டும் வேறு.

இதனால் அந்தச் சிறு நிரலுக்கு வலையமைப்பு என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. உள்ளீட்டில் வருவதை வாசிக்கிறது, வெளியீட்டில் எழுதுகிறது, முடிந்ததும் மாய்கிறது. வாசலைத் திறப்பதும் வருவோரை அழைப்பதும் குழந்தைகளைப் பெறுவதும் அவற்றுக்கு ஈமக்கடன் செய்வதும் அதிகாரத்தைத் துறப்பதுமான பகுதிகள் அதிலிருந்து கழன்றுபோக, அதன் சொந்தக் காரியம் எதுவோ அது மட்டும் மிஞ்சுகிறது. யூனிக்ஸில் தேதியைச் சொல்வதற்கென்றே டேட் என்னும் கட்டளை ஒன்று ஆதியிலிருந்து உண்டு. அதன் பெயரைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டால், வலையமைப்பைக் கனவிலும் கண்டிராத அந்தக் கட்டளையே ஒரு நேரச் சேவகனாகிவிடும். (உண்மையில் 13-ஆம் வாசலுக்கு அதுகூட வேண்டியதில்லை, இது போன்ற மிகச் சிறிய சேவைகள் சிலவற்றை ஐநெட்-டி தன்னுள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது.) இன்னொரு சௌகரியத்தையும் சொல்ல வேண்டும். இவ்வாறு எழுதிய நிரலைச் சோதித்துப் பார்க்க வலையமைப்பே தேவையில்லை. முனையத்தில் அதன் பெயரைச் சொல்லி அழைத்து, தூரத்திலிருந்து வருபவர் என்ன தட்டச்சுவாரோ அதை நாமே தட்டச்சினால், அவருக்குச் சொல்லப்போகும் பதிலை நம் திரையிலேயே காட்டிவிடும். நிரல் எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இதில் தவறிவிடக்கூடிய இடங்களும் உண்டு. முதலாவது, திரைக்கு எழுதும்போது வரி முடிந்தவுடன் அதை வெளியே தள்ளிவிடும் சி மொழியின் வெளியீட்டு நூலகம், எதிரே இருப்பது திரையன்று என்று கண்டால், எழுதியதையெல்லாம் ஒரு தொட்டியில் சேர்த்துவைத்துக்கொண்டு, தொட்டி நிறைந்த பிறகே அனுப்பும். வந்தவர் பதிலுக்குக் காத்திருக்க, நிரல் அவருடைய அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்க, இருவரும் மௌனமாய் நிற்கும் பரிதாபம் இதனால் நேரும். எழுதியதும் தொட்டியைக் கவிழ்த்துவிடு என்று நிரலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆனால் சொல்ல வேண்டும் என்பது தெரியாமல் இரவெல்லாம் விழித்தவர்கள் உண்டு. இரண்டாவது, பிழை சொல்லும் துவாரமும் வந்தவரோடுதான் இணைந்திருக்கிறது. ஆகையால் நிர்வாகிக்கு மட்டும் தெரியவேண்டிய அந்தரங்கம், முன்பின் அறியாத ஒருவருக்குப் போய்ச் சேரும்.

ஃபிங்கர் என்னும் சேவையின் சரித்திரத்தில் இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரிகின்றன. ஸ்டான்போர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் 1971-இல் எழுதிய ஃபிங்கர் என்ற நிரல், கணிப்பொறியில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும். 1977-இல் இதற்கு ஒரு வலையமைப்பு விதி வகுத்து, 79-ஆம் வாசலை ஒதுக்கினார்கள். வந்தவர் ஒரு பெயரை ஒரு வரியில் எழுதினால், அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிய விவரத்தைச் சொல்லி விடைபெறும் சேவை அது. 4.3 பதிப்பில் இதற்காக எழுதப்பட்ட ஃபிங்கர்-டி என்னும் பூதம், ஐநெட்-டியின் நிழலிலேயே பிறந்து வளர்ந்தது. ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும். ஒரு வரியை வாசித்து, உள்ளூரில் ஏற்கெனவே இருக்கும் ஃபிங்கர் கட்டளையிடம் அதைக் கொடுத்து, அது சொல்வதை வாங்கி, இணையத்தின் சம்பிரதாயப்படி ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் எழுத்தைக் கூட்டி அனுப்புவதே அதன் வேலை.

அந்த ஓரிரு பக்கங்களில் ஒரு வரி சிதைந்திருந்தது. வருகிறவர் அனுப்பும் பெயருக்காக 512 எழுத்துகள் கொள்ளும் பாத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் வாங்குவதற்கு, அளவு பார்க்கத் தெரியாத கெட்ஸ் என்னும் செயற்கூற்றை அது உபயோகித்தது. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் இணையத்தில் விட்ட புழு, அந்தப் பாத்திரத்தில் 536 எழுத்துகளை ஊற்றியது. வழிந்த எழுத்துகள், நிரல் அடுத்துத் திரும்பிச் செல்லவேண்டிய இடத்தின் முகவரியை மாற்றி எழுதிவிட, வாக்ஸ் கணிப்பொறிகளில் ஃபிங்கர்-டி மறைந்து, அதன் இடத்தில் எந்தக் கட்டளையையும் ஏற்கும் ஷெல் வந்து உட்கார்ந்தது. காவலன் உள்ளீட்டையும் வெளியீட்டையும் வந்தவரோடு இணைத்துக் கொடுத்திருந்தான் என்று சொன்னேனல்லவா? அந்த இணைப்பு அப்படியே இருந்தது. ஆகவே புழு வேறு எந்தப் பிரயத்தனமும் செய்யாமல், திறந்த அதே தொடர்பின் வழியே அந்த ஷெல்லோடு பேசத் தொடங்கியது. பூதத்தை இலகுவாக்கிய அதே சௌகரியம், திருடனுக்கும் ஏணியாயிற்று. அவன் நுழைந்த வழி அது ஒன்றுதான் என்பதில்லை. கடிதப் பூதத்திலிருந்த ஓட்டை உட்பட வேறு வழிகளும் இருந்தன. கெட்ஸை நீக்கி, அளவு கேட்டு வாங்கும் மற்றொரு செயற்கூற்றை வைத்ததோடு ஃபிங்கர்-டியின் நோய் தீர்ந்தது. இந்த நிகழ்ச்சியைச் சொல்லி இம்முறையையே பழிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. பூதம் தனித்து நின்றிருந்தாலும் பாத்திரம் வழிந்தே இருக்கும்; பக்கங்கள் பலவாயிருந்திருந்தால், சிதைந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் சிரமம் கூடியிருக்கும்.

காவலும் சேவையும் வெவ்வேறாகப் பிரிந்து நின்றதன் முழுப் பயனும் சில ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிகளில், முகம் தெரியாத ஒருவன் திரும்பத் திரும்ப நுழைந்து, கோப்புகளை அடியோடு அழித்துக்கொண்டிருந்தான்; தன்னைக் கவனிப்பவர் யாரேனும் உண்டா என்று பார்ப்பதற்கு அவனும் ஃபிங்கரையே நாடினான். அங்கே பணியாற்றிய வீட்சே வெனமா, 1990-இல் இவனைப் பிடிக்க எண்ணியபோது, பூதங்களின் மூலநிரலைத் திருத்தவில்லை, காவலனையும் தொடவில்லை. காவலனுக்கும் பூதத்துக்கும் நடுவே ஒரு சிறு நிரலை நிறுத்தினார். பட்டியலில் பூதத்தின் பெயர் இருந்த இடத்தில் இந்த இடையாளின் பெயரை எழுதிவிட்டால், வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதை அது பதிவேட்டில் குறித்து, அனுமதிக்கத் தகாதவரானால் கதவைச் சாத்தி, தக்கவரானால் உண்மையான பூதத்துக்குத் தன் உடலைக் கொடுத்து மறையும். டிசிபி ராப்பர் என்று பெயர் பெற்ற இந்நிரல் உலகமெங்கும் பரவியது. ஒவ்வொரு பூதமும் தன் வாசலைத் தானே காத்துக்கொண்டிருந்தால், இத்தகைய இடையாளை நிறுத்த நடுவே இடம் ஏது? பூதங்களின் பாரத்தைக் குறைக்க எண்ணிச் செய்த ஏற்பாடு, செய்தவர்களே எதிர்பார்த்திராத ஓர் இடைவெளியை உண்டாக்கி வைத்திருந்தது என்பதைப் படித்தபோது நான் அடைந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

எல்லாப் பூதங்களுக்கும் இம்முறை பொருந்தும் என்று சொல்வது தகாது. தட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரலைப் புதிதாகப் பிறப்பித்து, வட்டிலிருந்து எழுப்பி, முடிவில் மாயவிடுவதற்கு ஒரு விலை உண்டு. நாளுக்குச் சிலர் வரும் வாசலில் அந்த விலை தெரியாது. நொடிக்கு நூறு பேர் வரும் வாசலில் அதுவே பெருஞ்செலவாகும். அதனால்தான் இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி, தன் 1.3 பதிப்பு வரையில் காவலனின் கீழ் இயங்கும் வழியையும் வைத்திருந்து, அடுத்த பெரும் பதிப்பில் அதை விட்டுவிட்டது. இரகசியத் தொடர்புக்கு உதவும் எஸ்எஸ்எச் பூதமோ, பழைய முறையில், பிறந்தவுடன் ஒரு திறவுகோலைக் கணக்கிட்டு உண்டாக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவர் வரும்போதும் அது புதிதாய்ப் பிறந்தால், வந்தவர் வெகுநேரம் வாசலிலே நிற்க நேரும். முதல் ஆளிடம் கேட்டதை இரண்டாம் ஆளுக்காக நினைவில் வைத்திருக்க வேண்டிய சேவைக்கும் இது உதவாது. மாண்டவர்க்கு நினைவு ஏது? காவலனும் கூட்டத்தைக் கண்டு மிரளக்கூடியவனே. பெர்க்லியில் எழுதிய மூலநிரலில், ஒரே சேவையை ஒரு நிமிஷத்துக்குள் 40 முறைக்கு மேல் எழுப்ப நேர்ந்தால், அந்தப் பூதம் பிறந்து பிறந்து இறக்கும் வியாதியில் சிக்கிவிட்டது என்று கருதி, அந்த வாசலைப் பத்து நிமிஷம் மூடிவிடும்படி விதித்திருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு வைத்த விதிதான். ஆனால் குறும்பன் ஒருவன் அடுத்தடுத்துத் தட்டியே வாசலை மூடவைக்கவும் அது வழிசெய்தது.

பொட்டலங்களாகச் செய்தி வரும் வாசல்களில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நீரோடைத் தொடர்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தொடர்பு கிடைப்பதால், காவலன் அதை மட்டும் கொடுத்துவிட்டு வாசலைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். பொட்டலங்களுக்கு அத்தகைய தனித்தொடர்பு இல்லையாதலால், காவலன் வாசலையே பூதத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு, அது முடித்துத் திரும்பும் வரையில் அந்தப் பக்கம் பாராமல் காத்திருக்க வேண்டும். பட்டியலின் நான்காவது இடத்தில் காத்திரு என்றும் காத்திராதே என்றும் பொருள்படும் இரண்டு சொற்களில் ஒன்றை எழுதச் சொல்வது இதற்காகத்தான். இதை மாற்றி எழுதிவிட்டால், வாசலில் கிடக்கும் ஒரே பொட்டலத்தைக் கண்டு காவலன் பூதத்தின்மேல் பூதமாக எழுப்பிக்கொண்டே போவான்.

நினைவகம் மலிந்த இக்காலத்தில், சில கிலோபைட் மிச்சம் பிடிக்க யார் கவலைப்படுவார் என்று கேட்கலாம். ஆயினும் ஆப்பிள் நிறுவனம் 2005-இல் தன் டைகர் இயங்குதளத்தில் கொணர்ந்த லாஞ்ச்-டியும், லினக்ஸ் உலகில் 2010-இல் தோன்றிய சிஸ்டம்-டியும், வாசலைத் தாமே திறந்துவைத்துக்கொண்டு, தட்டும்போது மட்டும் பூதத்தை எழுப்பும் பழைய தந்திரத்தையே கையாளுகின்றன. இவற்றுக்கு முதற்காரணம் நினைவகச் சிக்கனமன்று. எந்தப் பூதம் முதலில் எழவேண்டும் என்ற வரிசைச் சண்டைக்கு இடமின்றி, வாசல்களை முதலிலேயே திறந்து, கணிப்பொறியை விரைவில் எழுப்பிவிடலாம் என்பதே. சிஸ்டம்-டியின் புதிய முறையில், எழுப்பப்படும் பூதத்துக்கு வாசலின் துவாரம் 3 என்ற எண்ணிலிருந்து கொடுக்கப்படுகிறது. அதற்கேற்ப நிரலை எழுத வேண்டும். ஆனால் அதன் அமைப்புக் கோப்பில், அக்செப்ட் என்னும் சொல்லுக்கு எதிரே ஆம் என்று எழுதி, உள்ளீட்டைச் சாக்கெட்டோடு இணை என்று இன்னொரு வரியும் சேர்த்துவிட்டால், பெர்க்லியின் காவலனைப் போலவே அதுவும் வந்தவரை ஏற்று, உள்ளீட்டையும் வெளியீட்டையும் அவரோடு இணைத்து, நிரலை எழுப்புகிறது. 1986-இல் வழங்கிய முறைப்படி ஒரு வரியை வாசித்து ஒரு வரியை எழுதும் சிறு நிரலில் இதற்காக ஓரெழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. தன்னை எழுப்பியவன் பழைய காவலனா புதியவனா என்பதை அது கேட்பதும் இல்லை.